தீக்குச்சித் தொழிலிற் சிறியோர் நிலைத்த வரலாறு

ஒரு சிறு தொழில் நிலைப்பதற்குக் காரணம் யாது என்று வினவினால், நம் பெரியோர் தயங்காது கூறும் விடை சிக்கனம் என்பதே. அரைவயிற்றுக் கஞ்சி குடித்து, காலணாவையும் எண்ணிச் செலவிட்டு, கடைப்பலகையிலேயே படுத்துறங்கி முன்னுக்கு வந்தவர் கதைகள் நம் இல்லங்களிற் பல உண்டு. அவை பொய்யல்ல. ஆயினும், அவ்வாறே கஞ்சி குடித்து, அவ்வாறே கடைப்பலகையிற் கிடந்து, மூன்றாம் ஆண்டிலேயே கடையை மூடிச் சென்றவர் கதையை எவரும் சொல்வதில்லை. சிக்கனம் இரு சாரார்க்கும் பொதுவாயிருக்க, ஒரு சாரார் நிலைத்து மற்றொரு சாரார் மறைந்தமைக்குக் காரணம் வேறிடத்தில் இருத்தல் வேண்டுமன்றோ? அதனை ஒரு தொழிலின் வரலாற்றைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். எடுத்துக்கொண்டது சிவகாசி, சாத்தூர், கோவிற்பட்டி வட்டாரங்களிற் கையாற் செய்யப்பெற்ற தீக்குச்சித் தொழில். உலகின் மிகப்பெரிய தீக்குச்சி நிறுவனத்தை எதிர்த்து மிகச்சிறிய கொட்டகைகள் நின்ற தொழில் அதுவாதலின், சிறியோர் நிலைத்த வகையை அறிதற்கு அதனினும் ஏற்ற சான்று நம்மிடையே இல்லை.

தீக்குச்சி வருமுன்னரே அதற்குரிய நிலம் பண்பட்டிருந்தது என்பதை முதற்கண் சொல்லுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்கோடியிலிருந்த பனங்காட்டுப் பகுதிகளினின்றும் கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கி வந்த நாடார் வணிகர், சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களில் வேர்கொண்டனர். கரிசற்பூமியிற் பருத்தியும் மிளகாயும் கொத்தமல்லியும் வாங்கி விற்பது அவர்தம் தொழிலாயிற்று. வழியிற் கள்ளர் அச்சம், சென்று சேர்ந்த ஊரிலோ தங்க இடமில்லை, சரக்கை இறக்கிவைக்கக் கூரையில்லை, குடிநீர்க்குக் கிணறில்லை. ஒற்றை வண்டிக்காரன் ஒருவன் தன் ஆதாயத்தைக் கொண்டு ஒரு மதிலையோ கிணற்றையோ கட்டிவிட முடியாது. ஆகவே பலர் கூடிப் பேட்டை அமைத்தனர். சுற்றுமதிலும், வண்டி நிறுத்தும் முற்றமும், சரக்கறையும், கிணறும் உடையது பேட்டை. அதன் செலவுக்கு ஏற்படுத்திய வரியே மகமை.

மகமையைத் தருமம் என்று கருதுவோர் அதன் இயல்பை அறியாதவர். அது விரும்பினாற் கொடுப்பதன்று. வாங்கும் சரக்குக்கும் விற்கும் சரக்குக்கும் இன்ன வீதம் என்று உறவின்முறை வகுத்த கட்டாய வரி. கொடாதவன் உறவின்முறைக்கு விடை சொல்லியாக வேண்டும். சரக்கின் அளவைப் பொறுத்து வாங்கினமையால், பெருவணிகன் மிகுதியாகவும் சிறு கடைக்காரன் சொற்பமாகவும் செலுத்தினர். மதிலும் கிணறும் மட்டும் இருவர்க்கும் ஒன்றாகவே உதவின. ஈண்டுதான் சிறியோர் நிலைத்ததன் முதற் காரணத்தைக் காண்கின்றோம். தனித்தனியே தாங்கவொண்ணாத செலவுகளாகிய காவல், தங்குமிடம், தண்ணீர், பின்னர்க் கல்வி ஆகியவற்றைச் சிறு வணிகன் தன் கடைக்கணக்கில் எழுதவேண்டியதில்லாமற் போயிற்று. காவல் வீண்செலவன்று என்பதை 1899-ஆம் ஆண்டிற் சிவகாசி தாக்கப்பட்ட நிகழ்ச்சியே காட்டும். விருதுநகரில் 1885-ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்ற க்ஷத்திரிய வித்தியாசாலையும் அப்பொதுப் பொருளால் வளர்ந்ததே. காமராசர் சிறுவயதிற் பயின்ற பள்ளியும் அதுவே. 1921-ஆம் ஆண்டிற் றூத்துக்குடியில் நாடார் வங்கி ஏற்பட்டபொழுது, பலர் பொருளை ஒன்று சேர்த்துப் பயன்கொள்ளும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதாயிருக்கவில்லை. அவ்வங்கியே 1962-ஆம் ஆண்டிற் றமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறிற்று.

ஒன்று மறைத்தலாகாது. அம்மதிலுக்கு உட்புறம் என்று ஒன்றிருந்தாற் புறம்பும் உண்டு. அவ்வூர்களில் வேறு குலத்துச் சிறு வணிகரும் இருந்தனர். அவர்களும் சிக்கனமாகவே வாழ்ந்தனர். பேட்டை அவர்களுக்கில்லை. அவருட் பலர் பெயரின்றி மறைந்தமைக்கு அவர்தம் சோம்பலைக் காரணமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு; அது நேர்மையான வழக்கமன்று.

இனித் தீக்குச்சிக்கு வருவோம். முதல் உலகப்போரின் காலத்திலும் அதன்பின் சில ஆண்டுகளிலும் இந்தியாவிற்குத் தீக்குச்சி பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தது. 1922-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் தம் வருவாய்ப் பற்றாக்குறையை நிரப்பவேண்டி, இறக்குமதியாகும் தீக்குச்சிக்குக் குரோஸ் ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் சுங்கம் விதித்தனர். உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் எண்ணம் அவர்க்கு அப்பொழுது இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும், கோழியை ஓட்ட எறிந்த கல்லில் மாங்காய் விழுந்தாற் போல, அச்சுங்கம் உள்நாட்டில் தீக்குச்சி செய்தால் ஆதாயம் உண்டு என்னும் நிலையை உண்டாக்கிற்று. அவ்வாண்டிலேயே சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, சில மாதங்கள் அங்குத் தங்கித் தொழிலைக் கற்று மீண்டனர். அவர்தம் துணிவை எவ்வளவு புகழினும் தகும். எனினும், அச்சுங்கம் இல்லாதிருந்தால் அவர் கற்ற வித்தை ஜப்பானியச் சரக்கின்முன் எத்தனை மாதம் நின்றிருக்கும் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

சுங்கமதிலைக் கண்டு உள்ளே புகுந்தவர் நம்மவர் மட்டுமல்லர். சுவீடன் தேசத்துத் தீக்குச்சி நிறுவனமும் மதிலுக்கு வெளியே நிற்பதைவிட உள்ளே வந்து ஆலை கட்டுவதே நலம் என்று கண்டது. 1923-ஆம் ஆண்டில் விம்கோ என்னும் பெயரில் இந்நாட்டிற் கம்பெனி ஏற்படுத்தி, பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்திலும், பின்னர் வரேலியிலும், கல்கத்தாவிலும், சென்னையை அடுத்த திருவொற்றியூரிலும் பேராலைகளை நிறுவிற்று. அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த ஐவர் குரூகர் என்பவர் பல நாட்டு அரசுகளுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்நாடுகளில் தீக்குச்சித் தனியுரிமை பெற்றவர். அத்தகையவரோடு கரிசற்காட்டிற் கீற்றுக்கொட்டகை போட்டவர் போட்டியிடுவதென்பது எவர்க்கும் நகைப்பையே விளைத்திருக்கும். 1932-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பாரிசு நகரில் குரூகர் தம் கடன்கணக்குகள் வெளிப்படும் தறுவாயில் உயிர்நீத்தார். அவர் நிறுவனம் பிழைத்துக்கொண்டது, விம்கோவும் அசையவில்லை. ஆதலின், பெரியவன் சரிந்தமையாற் சிறியவன் பிழைத்தான் என்று சொல்லுதற்கு இடமில்லை.

சிறியவன் பிழைத்தது தொழிலின் இயல்பால். தீக்குச்சி செய்வதைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்துவிடலாம். குச்சியும் பெட்டிச் சில்லும் மரத்திலிருந்து சீவுவது ஒருவர் வேலை. அதற்குரிய மென்மரம் பெரும்பாலும் மலையாள நாட்டிலிருந்து வந்தது. குச்சிகளை இடைவெளிவிட்டு வரிவரியாகச் செருகும் கட்டை அடுக்குதல் ஒருவர் வேலை. மெழுகிலும் மருந்திலும் முக்குதல் வேறொருவர் வேலை. பெட்டி ஒட்டுதல், குச்சி அடைத்தல், பக்கத்திற் சிவப்புப் பாஸ்பரம் கலந்த மருந்து பூசுதல், லேபிள் ஒட்டுதல் ஆகியவை பிறர் வேலை. இவற்றுள் அபாயமும் நுட்பமும் உடையது மருந்து கலந்து முக்குவது ஒன்றே. ஏனையவற்றை வீட்டுத் திண்ணையிலிருந்தும் செய்யலாம். உலர்த்துவதற்குச் சூளை வேண்டா. மழை குறைந்த அந்நாட்டு வெயிலே போதும். இயந்திரத்தால் மிச்சமாகும் கூலியைவிட இயந்திரத்திற்கு முடங்கும் மூலதனம் பெரிதாயிருக்கும் வரையிற் கைத்தொழிலே மலிவாக இருந்தது. லேபிள் அச்சிடவேண்டி அச்சுக்கூடங்கள் எழுந்து, அவ்வச்சுத்தொழிலே பின்னர்த் தனித்தொழிலாய்ப் பெருகினமையும், மருந்தறிவு வாணவேடிக்கைத் தொழிலுக்குப் பயன்பட்டமையும் சிவகாசி அன்பர் யாவரும் அறிவர். ஒன்றன் தேவையை அடுத்த கொட்டகை நிறைவேற்றும் ஊரிற் புதியவன் எல்லாவற்றையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கவேண்டியதில்லை.

ஆயினும், இவை யாவும் சேர்ந்தும் போதா. வரிச்சலுகை இல்லாதிருந்தால் சிறு கொட்டகைகள் நின்றிரா என்பதே எமது துணிபு. 1934-ஆம் ஆண்டிற் றீக்குச்சிக்கு உற்பத்தி வரி வந்தது. பேண்டரோல் என்னும் வரிச்சீட்டை முன்னதாகவே பணம் கொடுத்து வாங்கிப் பெட்டிதோறும் ஒட்டவேண்டும் என்பது ஏற்பாடு. விற்றபின் வரி கட்டுவது வேறு. விற்குமுன் கட்டுவது வேறு. சரக்கு வடநாடு சென்று விலையாகிப் பணம் திரும்பும்வரையில் வரிப்பணம் பெட்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அக்காலத்தைக் கடக்கக் கடன் கொடுப்பாரை நாடினர் சிறியோர். கடன் கொடுத்தவரே பெரும்பாலும் லேபிளுக்கு உடையவராகவும் சரக்கை வாங்குபவராகவும் ஆயினர். வெளியிலிருந்து காண்பவர்க்கு நூறு முதலாளிகள் தென்பட்ட இடத்திற் கணக்கேட்டைப் புரட்டினால் நாலைந்து பெருவீடுகளே புலப்படும். தனக்கென ஒரு கொட்டகை உண்டு என்று பெருமை கொண்டவன் உண்மையிற் பிறர் லேபிளுக்குக் கூலிக்கு உழைத்தவனாயிருந்தான். நிலைத்தல் என்பது வேறு, தன்னுரிமையோடு நிலைத்தல் என்பது வேறு.

மறுபுறம் அதே வரிதான் சிறியோர்க்குக் கவசமும் ஆயிற்று. விடுதலைக்குப் பின் அரசாங்கத்தார் ஆண்டு உற்பத்தியின் அளவுகொண்டு ஆலைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, பேராலைக்கு மிகுந்த வீதமும் சிற்றாலைக்குக் குறைந்த வீதமும் விதித்தனர். 1950-களிற் குடிசைத்தொழில் எனத்தக்க மிகச்சிறு ஆலைகளுக்கென்று ‘டி’ வகுப்பு ஒன்றும் ஏற்பட்டது. குரோஸ் ஒன்றுக்கு வரியில் உள்ள வேற்றுமையே, கையாற் செய்வதற்கும் இயந்திரத்தாற் செய்வதற்கும் உள்ள செலவு வேற்றுமையை ஈடுசெய்தது. 1940-களில் விம்கோவின் கையிலிருந்த பெரும்பங்கு, 1980-களுக்குள் தென்னாட்டுச் சிற்றாலைகளின் கைக்கு மாறினமைக்கு இதுவே தலையாய காரணம்.

கவசத்திற்கும் எடையுண்டு. ஒரு கொட்டகை நன்றாக நடந்து வரம்பை நெருங்கினால், வரம்பைத் தாண்டிய மறுநாளே மேல்வகுப்பு வரி. ஆகையால் ஆலையைப் பெரிதாக்குவதற்கு மாறாகப் பிரிக்கலாயினர்: தம்பி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று, மருமகன் பெயரில் ஒன்று. காகிதத்தில் நான்கு சிற்றாலை. உண்மையில் ஒரே அடுப்பு. புதிய கருவி வாங்குவதும், நல்ல கட்டடம் கட்டுவதும், தொழிலை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்துவதும் வரியின் பார்வையிற் குற்றமாயின. வளர்ந்தால் அழிவோம் என்னும் அச்சத்தில் இரண்டு தலைமுறை தொழில் நடந்தது. பிற்காலத்தில் இயந்திரத்தின்முன் நாம் கையறு நிலையில் நின்றமைக்கு அவ்வச்சமும் ஒரு காரணமாகும்.

இவ்வளவும் கூறிவிட்டு, மலிவான கூலி எங்கிருந்து வந்தது என்பதைக் கூறாது விடின் இவ்வரலாறு பொய்யாகும். கட்டை அடுக்கியவரும் குச்சி அடைத்தவரும் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே; அவருள்ளும் பெண்குழந்தைகள் மிகுதி. சிறுவிரல் விரைந்து செல்லும் என்று அதற்கு நியாயம் கூறப்பட்டது. மானாவாரி நிலம் பொய்த்த சிற்றூர்களிலிருந்து, பொழுது விடியுமுன் ஆலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றிவந்தன. பல குலத்துப் பிள்ளைகள் அவர்கள்; ஏழைகள் என்பதே அவர்க்குப் பொதுவான குலம். கூலி நாட்கணக்கில் அன்று, கட்டைக் கணக்கில். நம்மவர் மகமைப் பணத்தில் நம் பிள்ளைகள் பள்ளி சென்ற அதே ஊர்களில், கொட்டகைக்குள் பிறர் பிள்ளைகள் எழுத்தறியாது வளர்ந்தனர் என்பதை எண்ணும்பொழுது, எம் எழுதுகோல் சற்றே நின்றுவிடுகின்றது. சிறுதொழிலின் பிழைப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தனர். கொடுத்தவர் முதலாளியாக இருக்கவில்லை.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீக்குச்சி, வெடி முதலிய தொழில்களிற் பதினான்கு வயது நிரம்பாதாரை வேலைக்கு வைத்தலைத் தடுத்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு அதில் விலக்கு இருந்தமையால், ஆலைக்குள் தடுக்கப்பட்ட வேலை வீட்டுக்குள் புகுந்தது. பெட்டி ஒட்டுதல் திண்ணைக்குத் திரும்பிற்று. சிவகாசியைப் பற்றியே தொடுக்கப்பட்ட வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இழிந்த அவ்வழக்கத்தை விடாத முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்போடு வேறு காரணங்களும் கூடின. 1956-ஆம் ஆண்டிலும் 1982-ஆம் ஆண்டிலும் விரிந்த பகலுணவுத் திட்டங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. 2008-ஆம் ஆண்டில் எல்லா மாவட்டங்களுக்கும் பரவிய ஊரக வேலை உறுதித் திட்டம் தாய்மாருக்கு வேறு கூலி காட்டிற்று. ஆள் கிடைக்கவில்லை என்று நம் முதலாளிகள் முறையிட்டனர். கிடைக்காதது ஆளன்று, பழைய கூலிக்கு வரும் ஆள்.

கூலி ஏறினால் விலையை ஏற்றலாமே என்று தோன்றும். தீப்பெட்டியின் விலை அவ்வாறு ஏறுவதன்று. ஒற்றை நாணயத்தைக் கொடுத்து வாங்கும் பொருள் அது; ஒரு நாணயத்தினின்று அடுத்த நாணயத்திற்குத் தாவுமேயன்றி இடையில் நில்லாது. 25 காசாக இருந்த பெட்டி 1995-ஆம் ஆண்டில் 50 காசாயிற்று. 2007-ஆம் ஆண்டில் ஒரு ரூபாயாயிற்று. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அசையவில்லை. அப்பதினான்கு ஆண்டுகளிற் சிவப்புப் பாஸ்பரம், மெழுகு, அட்டை, காகிதம், வண்டிச்சத்தம் யாவும் ஏறின. மூலதனம் உடையவன் நட்டத்தைச் சில மாதம் தாங்குவான்; அல்லது எந்திரம் வாங்கிச் செலவைக் குறைப்பான். அன்றாடம் வந்த பணத்தில் அன்றாடம் மருந்து வாங்குபவன் ஆறு மாதம் தாங்கான். சிறுதொழில் பெரும்பாலும் நட்டத்தால் மடிவதில்லை, இடையிற் பணம் வற்றுவதால் மடிகின்றது என்பதற்கு இப்பதினான்கு ஆண்டுகள் நல்ல சான்று.

இடையில் வரிக்கவசமும் கழன்றது. 2017-ஆம் ஆண்டிற் சரக்கு சேவை வரி வந்தபொழுது கையாற் செய்த தீக்குச்சிக்கு 5 விழுக்காடும் எந்திரத்தாற் செய்ததற்கு 18 விழுக்காடும் என்றிருந்தது. 2020 ஏப்ரல் முதல் இரண்டிற்கும் 12 விழுக்காடு என ஒன்றாக்கப்பட்டது. எந்திர முதலாளிக்கு ஆறு விழுக்காடு குறைந்தது. கைத்தொழிலாளிக்கு ஏழு விழுக்காடு ஏறிற்று. எந்திரம் வைத்தவருள்ளும் நம்மவர் பலர் ஆதலின், இதனை யாரோ வெளியார் செய்த கேடு என்று சொல்லித் தப்பிக்க இயலாது. சங்கங்களுக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. சிறியவன் குரல் சிறிதாகவே கேட்டது. வெளிநாட்டு மலிவு லைட்டர்கள் கடைகளில் நிறைந்து விற்பனையைக் குறைத்தன. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்தல் தடுக்கப்படுமுன் எத்தனையோ கொட்டகைகள் பூட்டப்பட்டுவிட்டன.

இக்காலத்திலும் பழைய வழக்கம் ஒன்று தலைகாட்டியது. 2021-ஆம் ஆண்டு அக்டோபரிற் றீக்குச்சி உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியிற் கூடி, டிசம்பர் முதல் நாள்தொட்டுப் பெட்டி விலை இரண்டு ரூபாய் என்று ஒருமுகமாகத் தீர்மானித்தன. எவனாவது ஒருவன் தனியே இரண்டு ரூபாய்க்கு விற்றிருந்தால் அவன் சரக்கு கடையிலேயே கிடந்திருக்கும். யாவரும் ஒரே நாளில் ஏற்றியதால் நின்றது. பேட்டையில் உட்கார்ந்து மூட்டைக்கு இன்னது என்று மகமை வகுத்தவரின் பேரப்பிள்ளைகள் செய்த காரியம் அது. ஆயினும் பதினான்கு ஆண்டு கழித்துச் செய்தனர்; பூட்டிய கொட்டகைகள் அத்தீர்மானத்தால் திறக்கவில்லை.

இவ்வரலாற்றை எழுதப் புகுந்தபொழுது எமக்கு நேர்ந்த பெருங்குறை, சிறியோர் கணக்கேடுகள் இன்மையே. பெருவீட்டார் வரலாறு மலர்களிலும் படங்களிலும் இருக்கின்றது. மூடப்பட்ட கொட்டகையின் பேரேடு பழங்காகிதக் கடைக்குப் போய்விடுகின்றது. லேபிள்களை மட்டும் வெளியூர்ச் சேகரிப்போர் விலைகொடுத்து வாங்கிச் செல்கின்றனர். உறவினர் இல்லங்களிற் பரண்மீது அத்தகைய ஏடுகள் கிடக்குமாயின், அவற்றை எடைக்குப் போடாது வைத்திருக்குமாறு வேண்டுகின்றோம். வரவு செலவு எழுதிய பக்கங்களைவிட, கட்டைக் கணக்கும் முன்பணமும் எழுதிய பக்கங்களே எமக்கு மிகுதியும் வேண்டும். அவற்றிற் பெயர்கள் இருக்கும்.